பெயர்க்கல் இல்லாத வீட்டுக்குப் பணம் கேட்பது எப்படி

போருக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் உதவியாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளை வழியிற் போகிறவர்கூட அடையாளம் கண்டுகொள்ளலாம். வாசலுக்கு அருகே சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். யாருடைய நன்கொடை, யாருடைய ஞாபகார்த்தம், திறந்துவைத்தவர் யார், திகதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நாடா வெட்டி, பால் காய்ச்சி, திறப்பைக் கையளிக்கும் படம் அன்றிரவே ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேரும். கொடுத்தவரின் மனம் நிறைவதும் அடுத்த வீட்டுக்குக் காசு வருவதும் பெரும்பாலும் அந்தப் படத்தினால்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் உதவி செய்யும் வழக்கம் வளர்ந்த விதம் அது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு வீடு ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பின் தொடர்பாடல் வேலையைப் பொறுப்பேற்றவருக்கு அந்தக் கல்லும் இல்லை, அந்தப் படமும் இல்லை. எங்களுடைய வீட்டிற் கல் பதித்தால், அதற்குள் இருப்பவர் ஒரு கிழமைக்குள் வேறு வீடு தேட வேண்டி வரும்.

அடுத்த ஆண்டுக்கான தொடர்பாடல் பணத்தை எதிற் செலவிடுவது என்று எங்கள் நிர்வாக சபை என்னிடம் கேட்டிருந்தது. தொகை சிறியது; ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யப் போதும், மூன்று வேலைகளை அரைகுறையாகச் செய்யவும் போதும். சபையில் முன்வைக்கப்பட்ட யோசனைகள் மூன்று. வீடு பெற்றவர்களின் கதைகளைக் காணொளியாக்கிச் சமூக ஊடகங்களில் வெளியிடலாம் என்பது ஒன்று. பத்திரிகை, வானொலி, தெருவெளி நாடகம் ஆகியவற்றின் வழியே எச்.ஐ.வி. பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்பது இன்னொன்று. விளம்பரம் எதுவுமின்றி, வீட்டுச் சொந்தக்காரருடனும் நன்கொடையாளருடனும் நேரிற் பேசும் வேலைக்கே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பது கடைசி யோசனை. சபைக்கு நான் எழுதிய குறிப்பைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு வேறு சில அமைப்புகளும் இருக்கக்கூடும்.

எந்த வழி பொருந்தும் என்பது வீட்டுப் பிரச்சினை எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. இலங்கையில் எச்.ஐ.வி. சிகிச்சை அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் ஊடாக இலவசமாகக் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அந்தச் சேவை உண்டு. மருந்துக்குக் காசு தேவையில்லை, அதை வைப்பதற்கு ஒரு பூட்டுள்ள அலுமாரிதான் இல்லை. ஒழுங்காக மருந்து எடுப்பவரின் இரத்தத்தில் வைரசின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று ஏற்படாது என்பதை 2016 இலும் 2019 இலும் முடிவுகள் வெளியான ஐரோப்பிய ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன. ஆனால் அந்த நிலையை அடைய ஒவ்வொரு நாளும் குளிசை போட வேண்டும். மைத்துனர் குடும்பத்தோடு ஒரே அறையிற் படுப்பவரும், எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்று பயணப் பையை அவிழ்க்காமல் இருப்பவரும், குளிசைப் போத்தலை எங்கே ஒளிப்பது என்று யோசித்து யோசித்தே நாட்களைத் தவறவிடுகிறார்கள். வீடு இவர்களுக்கு மருந்தின் ஒரு பகுதி.

வீட்டுத்திட்டங்கள் இவர்களுக்கு அதிகம் உதவுவதில்லை, ஏனென்றால் அவை பெரும்பாலும் காணி உள்ளவருக்கானவை. இந்திய அரசின் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்துப் பயனாளியே கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். நல்ல முறைதான், ஆனால் கட்டுவதற்கு ஒரு துண்டு நிலம் இருக்க வேண்டும். சீதனமாகவோ முதுசமாகவோ வரவேண்டிய காணியைக் குடும்பத்தோடு ஏற்பட்ட முறிவால் இழந்தவருக்கு எஞ்சுவது வாடகை மட்டுமே. யாழ்ப்பாணத்து வாடகை வீடோ பல வேளைகளில் வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வளவுக்குள் இருக்கிறது. கிணறு ஒன்று, படலை ஒன்று, சில இடங்களில் மலசலகூடமும் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவரின் வீடாக இருந்தால், திறப்பு அவருடைய சித்தியிடமோ பெரியப்பாவிடமோ இருக்கும். பல மாத முற்பணம் கேட்பார்கள். ஆகவே எங்களுடைய பிரச்சினை கிணற்றைப் பற்றிய பயமும் முற்பணமுமே. தொடர்பாடல் வேலை இந்த இரண்டில் ஒன்றையாவது குறைக்க வேண்டும். குறைக்காவிட்டாலும் கூட்டாமல் இருக்க வேண்டும்.

காணொளி யோசனைக்குச் சபையில் ஆதரவு அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. உதவி தேவைப்படும் குடும்பத்தின் வீட்டுக்குக் கமராவோடு போய், அவர்களை அழவைத்து, வங்கிக் கணக்கு இலக்கத்தைத் திரையிற் போடும் காணொளிகள் இங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டன. புலம்பெயர்ந்தவர்கள் பார்க்கிறார்கள், உடனே அனுப்புகிறார்கள். ஒரு வருட வாடகைக்குரிய காசு சில நாட்களிற் சேர்ந்துவிடலாம் என்று சொன்ன சபை உறுப்பினர் மிகைப்படுத்தவில்லை. முகத்தை மறைத்து எடுக்கலாம், குரலை மாற்றலாம், சம்மதக் கடிதம் வாங்கலாம் என்றும் அவர் சொன்னார்.

முகத்தை மறைப்பதால் இங்கே ஒன்றும் மறைவதில்லை. யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றர். சனத்தொகை ஆறு இலட்சத்தை ஒட்டியது. வடமராட்சிப் பேச்சா, தீவகப் பேச்சா என்பது இரண்டு வசனத்திற் தெரிந்துவிடும். பின்னால் தெரியும் மதிலின் நிறம், முற்றத்து வேம்பு, கொடியிற் காயும் பள்ளிக்கூடச் சீருடை, கழுத்துப்பட்டியின் கோடு ஆகியவற்றை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் நாங்கள். இந்த ஊகத்தில் ஒருவர் தவறினாலும் ஆபத்துத்தான், ஏனென்றால் அப்போது தொடர்பே இல்லாத இன்னொரு குடும்பம் அகப்பட்டுக்கொள்ளும். 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலை அனுமதி கிடைக்காமல் போனது நாடறிந்த விடயம், அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவில்லை. தந்தை எயிட்சினால் இறந்தார் என்ற வதந்தி மட்டுமே போதுமாக இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். காணொளி அந்த வாய்க்கு வேலை கொடுக்கும்.

சம்மதக் கடிதம் பற்றி எனக்குள்ள தயக்கம் இதைவிடப் பெரியது. வாடகை தருபவரே படம் எடுக்கலாமா என்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? எங்களிடம் வந்த ஒரு பெண், கேட்பதற்கு முன்னரே சேலையை மாற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்; வேறோர் இடத்தில் அவர் உதவி பெற்ற அனுபவம் அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் இருந்தாலும் வட்ஸ்அப்பில் ஒருமுறை போன காணொளியைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இல்லை. சம்மதம் தந்தவருக்கு இரண்டு வருடங்களின் பின்னர் மகளுக்குக் கலியாணம் பேசும்போது அந்தச் சம்மதத்தை மீளப்பெறும் உரிமை கடதாசியில் மட்டுமே இருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு, அது சபையிற் பேசப்படவில்லை. இலங்கையில் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்ன முன்னோடி குழந்தை மருத்துவரான கமலிக்கா அபேரத்ன. விபத்தொன்றின் பின்னர் ஏற்றப்பட்ட இரத்தத்தினால் அவருக்குத் தொற்று வந்தது. 2004 இல் இறக்கும்வரை தொற்றுடன் வாழ்வோருக்காகவே பேசினார். அவருடைய துணிவை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு மருத்துவருக்கு, அதுவும் இரத்தம் ஏற்றியதால் தொற்று வந்தவருக்கு, கேட்போர் காட்டும் இரக்கத்தை மற்றவர்களுக்கும் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. காணொளி இரக்கத்தில் ஓடும் வண்டி. அதில் இளம் விதவையும் பச்சைக் குழந்தையும் ஏறலாம். தன்பாலீர்ப்புள்ள இளைஞருக்கும் திருநங்கைக்கும் அதில் இடமில்லை, வீட்டை விட்டு முதலில் துரத்தப்படுகிறவர்களோ அவர்கள்தாம். விதவையின் கதையைக் காட்டிச் சேர்த்த காசில் இளைஞருக்கு அறை எடுத்துக் கொடுத்தால், நன்கொடையாளர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். கொடுக்காவிட்டால், யாருக்கு வீடு என்பதைத் தேவைக்குப் பதிலாகக் கமரா தீர்மானிக்கும். இந்தக் காரணத்துக்காகவே, பணம் எவ்வளவு வந்தாலும், காணொளி வேண்டாம் என்று எழுதினேன்.

பத்திரிகை, வானொலி வழியை அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாது. டிசெம்பர் 1 ஆம் திகதி உலக எயிட்ஸ் தினம். 1988 முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு ஒரு கட்டுரை கொடுத்தால் உள்ளூர்ப் பத்திரிகைகள் போடும். நல்ல செய்திகளும் சொல்வதற்கு உண்டு. 1987 இல் முதலாவது இலங்கையருக்குத் தொற்று இனங்காணப்பட்ட இந்த நாட்டில், வயது வந்தோரிடையே தொற்று இன்னும் நூற்றுக்கு 0.1 இலும் குறைவு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கிணற்றுத் தண்ணீர், மலசலகூடம், நுளம்பு, ஒரே கோப்பையிற் சாப்பிடுவது ஆகிய எதனாலும் தொற்றாது என்பதை எத்தனை தடவை எழுதினாலும் தகும்.

சிக்கல் தலைப்பில் இருக்கிறது. கட்டுரையை நாங்கள் எழுதலாம், தலைப்பை எழுதுகிறவர் வேறொருவர். சில வருடங்களுக்கு முன்னர் நான் கொடுத்த ஒரு கட்டுரையில் “வீடு” என்ற சொல் ஒன்பது இடங்களில் இருந்தது. அச்சில் வந்தபோது தலைப்பில் “உயிர்க்கொல்லி” என்ற சொல் இருந்தது, பக்கத்திலே மண்டையோட்டுப் படம் ஒன்றும் இருந்தது. பத்திரிகையாளரை மட்டும் கோபித்துப் பயனில்லை. பல வருடங்களாக விழிப்புணர்வுச் சுவரொட்டிகளே அந்தச் சொல்லை ஊருக்குப் பழக்கிக் கொடுத்தன. 1983 இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எயிட்சுடன் வாழ்ந்தோர் தம்மைப் பலியானோர் என்று அழைப்பதை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தனர். நாற்பது ஆண்டுகள் கடந்தும் எங்கள் தமிழில் “எயிட்ஸ் நோயாளி” என்பதுதான் கைக்கு முதலில் வருகிறது, மருந்து எடுத்துக்கொண்டு நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கும் அதே பெயர்தான். உயிர்க்கொல்லி என்று காலையிற் பத்திரிகையில் வாசித்த வீட்டுக்காரரிடம் மாலையில் நான் போய் அறை கேட்டால் அவர் என்ன சொல்வார்? மோசமாக அமைந்த விழிப்புணர்வு, விழிப்புணர்வே இல்லாததைவிட எங்களுக்குக் கூடிய செலவு வைக்கும்.

தெருவெளி நாடகம் எனக்கு விருப்பமானது, யாழ்ப்பாணத்தில் அதற்கு நல்ல மரபும் உண்டு. பார்ப்பவரையும் பேசவைக்கும் அரங்காகச் செய்தால் கிணற்றுப் பயத்தை ஒரு மணித்தியாலத்திற் சந்திக்கு இழுத்து விடலாம். ஆனால் நடிகர்களுக்குக் கொடுப்பதற்கே எங்கள் தொகை போதாது. அதை வேறு அமைப்போடு சேர்ந்து செய்யும் காலம் வரட்டும்.

மூன்றாவது வழியை விளக்குவது கடினம், ஏனென்றால் செய்து முடித்த பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் 1990 இல் எயிட்சுடன் வாழ்வோருக்கான வீட்டு வாய்ப்புகள் என்ற பெயரிலேயே மத்திய அரசின் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. திட்டத்தின் பெயரில் எயிட்ஸ் இருந்தாலும், உதவி பெறுகிறவரின் பெயரை இரகசியமாகப் பேண வேண்டும் என்று அதன் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பணம் கேட்கும் இடத்திற் சொல்லும் பெயரும் வீட்டு வாசலிற் சொல்லும் பெயரும் வேறாக இருக்கலாம், இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம் என்பதே எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம். எங்கள் அளவில் இது சின்னச் சின்ன விடயங்களாகவே வரும். வாடகை ஒப்பந்தத்திற் போடும் அமைப்பின் பெயரில் நோயின் பெயர் இருக்கக் கூடாது. வங்கிச் சிட்டையில் விழும் விபரத்திலும் இருக்கக் கூடாது. பார்க்கப் போகிறவர் இலச்சினை போட்ட வாகனத்திற் போகாமல் சைக்கிளிற் போகலாம். ஒருமுறை பெரிய நிறுவனம் ஒன்றின் வெள்ளை ஜீப் ஒழுங்கைக்குள் வந்து நின்றதால், மூன்று மாதம் பேசி எடுத்த அறை ஒரே நாளிற் போனது.

வீட்டுக்காரருக்கு உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி இந்த வழியின் நடுவில் நிற்கிறது. குடியிருப்பவரின் நோய் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டிய விடயமன்று, அவருக்கு அதனால் ஒரு ஆபத்தும் இல்லை. ஆகவே நாங்கள் சொல்வதில்லை. சொல்வதும் விடுவதும் குடியிருப்பவரின் முடிவு. அதே வேளையில் பொய்யும் சொல்வதில்லை. “உடல்நலம், குடும்பம் சார்ந்த சிரமம் உள்ளவர்களுக்கு வாடகைக்குப் பொறுப்பு நிற்கிறோம்” என்ற வசனம் முழு உண்மை. என்ன வருத்தம் என்று அவர் துருவிக் கேட்டால், அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை என்று பதில் சொல்கிறோம். சிலர் அந்த இடத்திலேயே கதவைச் சாத்துகிறார்கள். இப்படிப்பட்ட பேச்சுக்கு அநுபவமுள்ள ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், முற்பணத்துக்கும் சேதத்துக்கும் அமைப்பு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரின் பயத்திற் பாதி கிணற்றைப் பற்றியது, மற்றப் பாதி வாடகை வராமற் போய்விடுமோ என்பது. இரண்டாவது பாதியைக் காசினால் நீக்கிய பிறகு முதலாவதைப் பற்றிப் பேசுவது இலகு என்பதை நான் பல படலைகளிற் கண்டிருக்கிறேன்.

நன்கொடையாளர் பக்கம் இந்த வழி பலவீனமானது என்பதை மறைக்கக் கூடாது. படம் இல்லாமற் பணம் கொடுப்பவர் குறைவு. கள்ளம் நடந்தாலும் கண்டுபிடிக்க முடியாதே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. படத்தின் இடத்துக்கு வேறொரு நம்பிக்கை வேண்டும்: வெளிக் கணக்காய்வாளர் இரகசியம் பேணும் உறுதியோடு வாடகைச் சிட்டைகளைப் பார்த்து ஒப்பமிடுவது, அந்த அறிக்கையைப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புவது. அறிக்கை எழுதும்போதும் கவனம் தேவை. “இன்ன பிரதேச செயலர் பிரிவில் இரண்டு பிள்ளைகளுடன் ஒரு பெண்” என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இடத்தையும் வயதையும் சேர்த்து எழுதாமல், மாவட்டம் முழுவதற்கும் வருடம் முழுவதற்குமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அறிக்கை தட்டையாகத்தான் இருக்கும். வாசிப்பவர் அழமாட்டார். ஆனால் ஊர்ச்சங்கங்களில் இருக்கும் வயதானவர்கள் பலர் கண்ணீரைவிடக் கணக்கை நம்புகிறவர்கள். அவர்களிடம் நேரில் அரை மணித்தியாலம் பேசினால் மாதாமாதம் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். காணொளியில் வரும் பெருந்தொகை ஒருமுறை வந்து நின்றுவிடும், வாடகையோ மாதாமாதம் கட்டுவது.

இன்னொரு பலவீனமும் உண்டு. இந்த வேலை முழுக்க ஓரிருவரின் உறவுகளிற் தொங்குகிறது; வீட்டுக்காரர்கள் நம்புவது அமைப்பையன்று, நேரிற் போய்ப் பேசும் அந்தப் பிள்ளையை. அவருக்குக் கனடா விசா கிடைத்துவிட்டால் நாங்கள் மீண்டும் முதற் படலையில் நிற்போம். அதனால் தொடக்கத்திலேயே இருவராகப் போய்ப் பழகவேண்டும் என்று குறிப்பிற் சேர்த்தேன். செலவு கூடும் என்று பொருளாளர் முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார்.

நான் எழுதிய முடிவு இது. பணத்தின் பெரும் பகுதி மூன்றாவது வழிக்குப் போகட்டும்: வீட்டுக்காரருடன் பேசும் இருவரின் சம்பளம், உத்தரவாத நிதி, கணக்காய்வு. மிஞ்சுவதில் வருடத்துக்கு இரண்டு வானொலி நிகழ்ச்சிகள் செய்யலாம். பத்திரிகையைவிட வானொலியைத் தெரிவுசெய்ததற்குக் காரணம், அங்கே தலைப்பை வேறொருவர் எழுதுவதில்லை. அந்த நிகழ்ச்சிகளிற் பேசுபவர் மருத்துவராக இருக்கட்டும், எங்கள் அமைப்பின் பெயர் அங்கே வரக் கூடாது. கிணற்றைப் பற்றிப் பேசுபவரும் அறை கேட்டு வருபவரும் ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள் என்று வீட்டுக்காரர் முடிச்சுப் போட்டால் எல்லாம் கெடும். காணொளி இல்லை. தாமாக முன்வந்து பேச விரும்புகிறவர் இருந்தால், அவருடைய வாடகை எங்கள் கையில் இல்லாத காலத்தில் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். வெளியே போகும் ஒவ்வொரு எழுத்தையும் தொற்றுடன் வாழும் இருவராவது முன்கூட்டி வாசித்து, வேண்டாத சொல்லை வெட்ட வேண்டும். அந்த வாசிப்புக்கு நேரக் கொடுப்பனவு உண்டு.

சபை இதை இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்டது. கல்லின் விடயம் மட்டும் நிலுவையில் இருக்கிறது. தகப்பனின் ஞாபகார்த்தமாக ஒரு வருட வாடகையைப் பொறுப்பேற்க விரும்பும் ஒருவர், ஒரு சின்னக் கல்லாவது பதிக்க முடியாதா என்று ரொறன்ரோவிலிருந்து கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பனின் பெயரைக் கணக்கறிக்கையின் முதற் பக்கத்தில் அச்சிடலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றையும் கூடவே அனுப்பினேன்.